பறக்கும் ஆமைக்குப் பத்துக்கு ஆறு

"நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா..." என்று வாயைத் திறக்கும் ஜீவன் ஒன்று உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். எபிசோடு விமரிசகர் என்று அதற்குப் பெயர். யாரும் நியமிக்கவில்லை, தானாகவே பதவி ஏற்றுக்கொண்டது. தொலைக்காட்சியில் எதைப் போட்டாலும் ஒரு கையில் ரிமோட்டும் மறு கையில் போனுமாக உட்கார்ந்து, தலைப்புப் பாட்டு முடிவதற்குள் "போன சீசன் அளவுக்கு இல்லை" என்று எழுதி, பாதியில் "திரைக்கதை தொய்வு" என்று சேர்த்து, மற்றவர்கள் மூக்கைச் சிந்தும் இடத்தில் "உணர்ச்சியைத் திணிக்கிறார்கள்" என்று முடித்து, பத்துக்கு இவ்வளவு என்று மார்க்கும் போட்டுவிடும். பெரும்பாலும் ஆறு. ஏழு போட்டால் ஏமாளி என்பார்கள். ஐந்து போட்டால் சண்டைக்கு வருவார்கள். ஆறில் ஓர் அறிவாளிக் களை இருக்கிறது.

என் அக்காவின் கணவர், அதாவது அத்தான், இந்த இனத்தில் முதல் தரம். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டி ஃப்ரேமில் பொருத்துவது அவர் தொழில். கை துளி பிசகாது. அந்தக் கவனமெல்லாம் கடையோடு சரி.

அன்று ஞாயிற்றுக்கிழமை காலை. அக்கா மகள் உயிரையே வைத்திருக்கும் கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது. மேகங்களுக்கு நடுவே பறக்கும் ஒரு குட்டி ஆமையின் கதை. அந்த வாரம் ஆமை, தொலைந்துபோன தன் அம்மாவைக் கண்டுபிடிக்கிறது. அம்மா இருக்கும் இடம் அதன் உயிர்த்தோழனான நரிக்கு முன்பே தெரியும். சொன்னால் ஆமை தன்னை விட்டுப் போய்விடுமே என்று பயந்து மறைத்திருக்கிறது. குட்டு உடைகிறது. ஆமை மனம் நொறுங்கிப்போகிறது. கடைசியில் தாய் ஆமை, "என் முதுகுல இன்னொருத்தருக்கும் இடம் இருக்கு" என்று நரியையும் ஏற்றிக்கொண்டு பறக்கிறது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகள் தேம்பினாள். நான்? எனக்கு ஜலதோஷம்.

அத்தான் போனிலிருந்து தலையைத் தூக்கி, "லாஜிக்கே இல்லை," என்றார்.

பார்வையாளர்கள் கருத்துச் சொல்லும் குழுவில் அவருடைய கட்டுரை ஏறியது. நரி மன்னிப்பே கேட்கவில்லையாம். கேட்காமலே ஆமை மன்னிப்பது எந்த ஊர் நியாயம்? குடும்பப் பாசம் என்ற பெயரில் சர்க்கரைப் பாகு. பத்துக்கு ஆறு.

கீழே முதல் ஆளாக வந்து நின்றவர், தாடி என்று எல்லோரும் கூப்பிடும் ஆசாமி. அதே கடையில் கண் பரிசோதனை செய்பவர். அத்தானுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதர். அக்காவின் பிரசவத்தின்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தானைவிட அதிகம் நடந்தவர். "நரி மன்னிப்புக் கேட்டுச்சே. அந்த இடத்துல நான் அழுதுட்டேன்" என்று எழுதியிருந்தார்.

அத்தான் விடுவாரா? கேட்கவில்லை என்றார். கேட்டது என்றார் தாடி. முகம் தெரியாத பலர் இரண்டு கட்சியாகப் பிரிந்து மல்லுக்கு நின்றார்கள். ஆமை ஓட்டின் நிறம் மாறிவிட்டதே என்று ஒருவர் தனியாகப் புலம்பிக்கொண்டிருந்தார். கூட்டம் கூடிய உற்சாகத்தில் அத்தான், "பிள்ளை குட்டி இல்லாதவனுக்குக் குடும்பக் கதையைப் பற்றி என்ன தெரியும்?" என்று எழுதிவிட்டார்.

தாடி பதில் எழுதவில்லை. குழுவை விட்டே விலகிவிட்டார். அத்தான் அதை வெற்றி என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து கடையில் பேச்சு நின்றது. வேலை நடக்க வேண்டுமே? வாடிக்கையாளர் வழியாக நடந்தது.

"இடது கண்ணுக்குப் பவர் கூடியிருக்குன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க."

"சரின்னு அவர்கிட்ட சொல்லிடுங்க."

இருவரின் மேஜைக்கும் நடுவே கை நீட்டினால் தொடுகிற தூரம்.

"ஒரு கார்ட்டூனுக்காக யாராவது இப்படி முறைச்சிக்குவாங்களா?" என்றாள் அக்கா.

"கார்ட்டூன் இல்லை. கருத்து," என்றார் அத்தான்.

போட்டு உடைத்தது மகள்தான். "நரி சாரி கேட்டுச்சுப்பா. குகைக்குள்ள. நீ அப்போ குனிஞ்சு டைப் பண்ணிக்கிட்டு இருந்தே."

"நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்."

"இல்லப்பா. நான் உன்னைத்தான் பார்த்தேன். நீ அழறியான்னு."

அத்தான் ரிமோட்டைத் தேடி எடுத்தார். போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு எபிசோடை முதலிலிருந்து போட்டார். குகை வந்தது. நரி வாலைச் சுருட்டிக்கொண்டு, "தப்பு என்னோடதுதான். நீ போயிட்டா எனக்கு யாருமே இல்லைன்னு பயந்துட்டேன்," என்றது. அத்தான் முகம் கழுவ எழுந்து போனார். வெகுநேரம் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் நான் கண் பரிசோதனைக்குப் போயிருந்தேன். தாடி என் மூக்கில் சோதனை ஃப்ரேமை மாட்டி ஒரு கண்ணை மறைத்திருந்தார். பின்னாலிருந்து அத்தானின் குரல் வந்தது.

"நரி மன்னிப்புக் கேட்டுச்சுன்னு அவர்கிட்ட சொல்லுப்பா."

"நரி கேட்டது எனக்குத் தெரியும்னு சொல்லுங்க தம்பி," என்றார் தாடி. "கடைசி வரியைப் படிங்க."

நான் எதைப் படிப்பேன், எதைச் சொல்வேன்?

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அத்தான் எதிரே வந்து நின்றார்.

"பிள்ளை குட்டின்னு எழுதினது பெரிய தப்புடா. என் பொண்ணு பிறந்தப்போ முதல்ல கையில வாங்கினவனே நீதான்."

தாடி கையிலிருந்த லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தார். அதில் ஒரு தூசியும் இல்லை.

"அதை அழிச்சிட்டியா?"

"அழிச்சிட்டேன்."

"சரி, போய் வேலையைப் பாருடா," என்றார் தாடி.

கட்டுரையையும் அத்தான் திருத்தினாரா என்கிறீர்களா? திருத்தினார். ஆறரை.

சிரிக்காதீர்கள். தாடி வரும் இடம் கொஞ்சம் இழுவை, அந்தக் குழந்தை பேசுவது கொஞ்சம் திணிப்பு என்று உங்களுக்குள்ளும் ஒரு குரல் முனகியதா இல்லையா? அதிருக்கட்டும். நடுவில் ஒரு தடவை போனை எடுத்துப் பார்த்தீர்களே, அப்போது இந்தக் கதையில் என்ன நடந்தது, சொல்லுங்கள் பார்ப்போம்.