மாமனார் என்னதான் சொன்னார்?

மச்சினியின் கல்யாண வீடியோவைப் பார்க்கிற எவனும் அதைக் கல்யாண வீடியோ என்று சொல்லக் கூடாது. சினிமா என்றுதான் சொல்ல வேண்டும். டைரக்டர் இப்படி ஒரு முடிவை எடுத்துவிட்டார். எடுத்துவிட்டால் அப்புறம் அவர் பேச்சை அவரே கேட்க மாட்டார்.

டைரக்டர் என்றால் சினிமா டைரக்டர் இல்லை. இருபது வருஷமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறவர். பொண்ணு மாப்பிள்ளையைச் சிரிக்கச் சொல்ல வேண்டிய இடத்தில் "ஆக்‌ஷன்" என்பார். அதனால் தெருவே வைத்த பேர் அது. வீட்டின் முன்னறைதான் ஸ்டூடியோ. அவர் அள்ளிக்கொண்டு வருகிற எட்டு மணி நேரத்தை வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்து, மனுஷர்கள் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஆக்குவது அவர் மனைவி. அவளுக்குத் தெரு எந்தப் பட்டமும் கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

வினை அடுத்த தெருவிலிருந்து வந்தது. அங்கே புதிதாக ஸ்டூடியோ போட்டவன் ஒரு கல்யாண வீடியோவை வெளியிட்டான். பார்த்தவர்கள் எல்லோரும் "சினிமா மாதிரியே இருக்கு" என்றார்கள். மச்சினியும் சொன்னாள். "அத்தான், என் கல்யாணமும் இப்படித்தான் வரணும்" என்று வேறு சேர்த்துக்கொண்டாள். இருபது வருஷ அனுபவத்துக்குச் சுருக்கென்று குத்தியது. டைரக்டர் அந்த வீடியோவை ஐம்பது தடவை பார்த்தார். அப்படி என்னதான் இருக்கிறது அதில்? ஆளுக்குப் பின்னால் எல்லாம் மங்கிப்போய்ப் பனிமூட்டம். யாரும் சாதாரணமாக நடப்பதில்லை, மிதக்கிறார்கள். தலைமுடிகூட யோசித்து யோசித்துத்தான் பறக்கிறது. சரி, பனிமூட்டமும் மிதப்பும்தானே, இதென்ன பிரமாதம் என்று கிளம்பிவிட்டார்.

இரண்டு வாரம் வீட்டில் ஒத்திகை. கதாநாயகி வேறு யார்? சமையலறையிலிருந்து ஜன்னல் வரைக்கும் ஒரு டம்ளர் தண்ணீரை அவள் பதினோரு தடவை கொண்டு வந்தாள். ஜன்னல் வெளிச்சம் மட்டும் போதும் என்று விளக்கையெல்லாம் அணைத்தார். முடி பறக்க வேண்டும் என்று மின்விசிறியைத் தூக்கி அவள் முகத்துக்கு நேரே வைத்தார். ஏழாவது தடவையில் அவள் நின்றாள்.

"ஏங்க, எனக்கு ஒரு சந்தேகம். இவங்க எல்லாம் எப்ப சமைப்பாங்க?"

"அதெல்லாம் கட் பண்ணிடுவோம்."

அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு கட் ஆனது.

இங்கே மாமனாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவரும் ஒரு வார்த்தைக்கு மேல் பேசுகிறவர் இல்லை. பன்னிரண்டு வருஷத்தில் மூத்த மாப்பிள்ளையிடம் அவர் பேசியது இரண்டே விஷயம். வரும்போது "வாங்க". போகும்போது "கிளம்பிட்டீங்களா". அந்த இரண்டாவதில் கொஞ்சம் சந்தோஷம் தெரிகிறதோ என்று டைரக்டருக்கு ரொம்ப நாளாகவே ஒரு உறுத்தல்.

அப்படிப்பட்ட மனுஷர், திங்கட்கிழமை கல்யாணத்தன்று மண்டபத்தில் பொண்ணும் மாப்பிள்ளையும் மோதிரம் மாற்றி முடித்ததும் மைக்கைக் கையில் வாங்கினார். மைக்கைத் திருப்பிக் கொடுப்பார் என்று எல்லோரும் பார்த்தால், மனுஷர் ஏழு நிமிஷம் பேசினார்.

டைரக்டருக்கு ஒரு குணம். கண் கேமராவில் பதிந்துவிட்டால் காது தானாக மூடிக்கொள்ளும். மாமனாரின் கண்கள் மட்டும் துல்லியம், சுற்றிலும் பனிமூட்டம். விளக்கு வெளிச்சம் அந்தக் கன்னத்துச் சுருக்கத்தில் விழுகிற அழகே அழகு. நடுவில் மண்டபமே திரும்பி இவரைப் பார்த்துச் சிரித்தது. முன்வரிசையில் இருந்த மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடையேறினாள். அப்புறம் எல்லோரும் அழுதார்கள். டைரக்டர் எதையும் கவனிக்கவில்லை. ஷாட் அப்படி.

மறுநாள் காலையில் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். படம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் சத்தம் இல்லை. ஒலியைக் கூட்டினார், வயரை மாற்றினார், ஊஹூம். பிறகுதான் கேமராவை எடுத்துப் பார்த்தார். பொண்ணு மிதந்து வர வேண்டும் என்று கேமராவை ஸ்லோமோஷனில் போட்டவர், அதை மாற்ற மறந்திருக்கிறார். ஸ்லோமோஷனில் அந்தக் கேமரா சத்தத்தைப் பிடிக்காது. இது தெரியாதவர் இல்லை. ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். மாமனாரின் ஏழு நிமிஷம் இருபத்தெட்டு நிமிஷமாக நீண்டு, தொட்டி மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

மச்சினி ஞாயிற்றுக்கிழமை புருஷனோடு வெளிநாடு போகிறாள். அவள் கேட்டிருந்தது ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் மெதுவாக வரட்டும், அப்பா பேசியதை மட்டும் முதலில் கொடுங்கள், அந்தக் குரலைக் கூடவே கொண்டுபோக வேண்டும் என்றாள். பொழுது விடிந்தால் ஃபோன். "ஆச்சா அத்தான்?" கலர் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று இவர் சமாளிப்பார். அந்தப் பெண்ணின் முகத்தில் எப்படி முழிப்பது என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

மனைவியிடமும் சொல்லவில்லை. கார்டில் ஏதோ கோளாறு, இந்தத் தடவை எடிட்டிங்கை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவள் "சரிங்க" என்றாள். பன்னிரண்டு வருஷத்தில் அவள் ஒரே தடவையில் சரி என்று சொன்னதில்லை. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

இதில் இன்னொரு இம்சை. படத்தில் மாமனார் உதடு "மாப்பிள்ளை" என்று அசைவது தெளிவாகத் தெரிந்தது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. அப்புறம்தான் பின்னால் பனிமூட்டத்தில் நிற்கிறவர்கள் சிரிக்கிறார்கள். என்ன சொன்னார்? பாராட்டா, காலை வாரி விட்டாரா? மண்டை குடைந்தது. யாரிடமும் நேராகக் கேட்கவும் முடியாது. எதிரிலேயே நின்று படம் பிடித்தவன் கேட்டால், குட்டு உடைந்துவிடும்.

சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தார். புது மாப்பிள்ளையான சகலையைப் பிடித்து, மாமா பேச்சு எப்படி என்றார். "பிரமாதம்ங்க, அதுவும் உங்களைப் பத்திச் சொன்னப்ப" என்று அவர் ஆரம்பித்தார். டைரக்டர் காதைத் தீட்டிக்கொண்டார். "அதை நான் வேற சொல்லணுமா, நீங்கதான் எதிர்லயே நின்னீங்களே" என்று முடித்துக்கொண்டார் சகலை. பக்கத்து வீட்டு டீச்சர் கேள்வியைக் கேட்டதுமே சிரிக்க ஆரம்பித்தவர், இருமல் வந்து உள்ளே போய்விட்டார். கடைசியில் டைரக்டர் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு மாமனார் வீட்டுக்கே போனார். கோணம் சரியில்லை, இன்னொரு தடவை அதையே பேசிக் கொடுங்கள் என்று கெஞ்சினார். மாமனார் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"சொன்னது சொன்னதுதான்."

அவரைப் பொறுத்தவரை அதுவே ஒரு சொற்பொழிவு.

அப்புறம் நாலு நாள் டைரக்டர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து உதடு படித்தார். மாமனார் வாயைத் திறந்தால் இவரும் திறந்தார், அவர் மூடினால் இவரும் மூடினார். புருவத்தைத் தூக்கி, கழுத்தை நீட்டி, ஒவ்வொரு சொல்லையும் மென்று பார்த்தார். நோட்டில் எழுதியதில் ஒரு வரிதான் தேறியது: "மூத்த மாப்பிள்ளை ஒரு மாடு." அடுத்த தடவை பார்த்தபோது அது மகன் மாதிரியும் இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் மச்சினி மறுபடி ஃபோன் செய்தாள். நாளைக் காலையில் கிளம்புகிறேன் அத்தான் என்றாள். அதற்கு மேல் டைரக்டரால் முடியவில்லை. மனைவி துணி மடித்துக்கொண்டிருந்த இடத்துக்குப் போய் நின்றார்.

"அப்பா பேசினது என்கிட்ட இல்லை. சத்தமே பதிவாகலை. தொலைச்சுட்டேன்." நிஜமாகவே அழுதுவிட்டார்.

அவள் கையிலிருந்த துணியை மடித்து முடித்தாள். முன்னறைக்குக் கூட்டிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார வைத்து, அவர் காதில் ஹெட்ஃபோனை மாட்டினாள். திரையில் மாமனார் சாதாரண வேகத்தில் பேசினார். சத்தத்தோடு.

எனக்குப் பேச வராது, மூத்தவளை அனுப்பினபோதும் ஒன்றும் சொல்லவில்லை, அது இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது என்றார் மாமனார். பிறகு, "மூத்த மாப்பிள்ளை ஊர்ல இருக்கற குடும்பத்தை எல்லாம் படம் பிடிக்கறார். எங்க குடும்பப் படம் ஒண்ணுலகூட அவர் இல்லை. மாப்பிள்ளை, கேமராவை வெச்சுட்டு மேடைக்கு வாங்க, என் பக்கத்துல நில்லுங்க" என்றார்.

மேடைக்கு யாரும் வரவில்லை.

"மாப்பிள்ளை, உங்களைத்தான்."

தூரத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. டைரக்டருக்கு ரொம்பப் பழக்கமான குரல். "மாமா, தாடையைக் கொஞ்சம் தூக்குங்க."

மண்டபம் வெடித்துச் சிரித்தது.

டைரக்டர் ஹெட்ஃபோனைக் கழற்றினார். கண்ணீர் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். இந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்.

"பேச்சுக்கு முன்னாடி ரெக்கார்ட் போட்டு அப்பா சட்டைப் பையில வெச்ச என் ஃபோன்லேர்ந்து. கேமராவை ஸ்லோமோஷன்லயே வெச்சிருந்ததைப் பார்த்தேன். சொன்னா, டைரக்டர் நீயா நானான்னு கேப்பீங்க."

"தங்கச்சிக்கு இப்பவாவது அனுப்பிடு."

"அப்பா குரலைக் கல்யாணத்தன்னிக்கு சாயங்காலமே அனுப்பிட்டேன். உங்களைத் தவிர எல்லாருக்கும்."

"அப்ப அவ தினம் ஃபோன் பண்ணிக் கேட்டது?"

"நான் கேக்கச் சொன்னேன். நீங்களா எப்ப வந்து சொல்றீங்கன்னு பார்க்கணும்னு இருந்தது." தன் ஃபோனை எடுத்தாள். "இன்னொண்ணும் அனுப்பியிருக்கேன்."

ஃபோனை நீட்டினாள். அலமாரி மேல் ஃபோனை ஒளித்து வைத்து நாலு நாள் எடுத்த படம். பின்னால் பனிமூட்டம், ஜன்னல் வெளிச்சம், மெல்லிய வயலின். நடுவில் டைரக்டர், ஸ்லோமோஷனில், வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். குடும்பம் மொத்தமும் பார்த்து ஆளுக்கொரு கருத்துப் போட்டிருந்தது. கடைசியாக மாமனார், வாழ்க்கையிலேயே முதன்முறையாக, டைரக்டருக்கு என்று ஒரு செய்தி போட்டிருந்தார்.

"மாப்பிள்ளை, தாடையைக் கொஞ்சம் தூக்கியிருக்கலாம்."