ஒன்பதாம் நாள் பால்

சோளக்காட்டுச் சந்தையில் அருள் இறங்கியிருந்தது. இறங்கிய இடம் கோயில் அன்று. பலாப்பழக் கடைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகை. தினமும் அதன் வாயிலில் நாய்களும், அவற்றை இழுத்துவந்த மனிதர்களும் வரிசையில் நின்றனர். நாய்கள் மட்டும் சற்று ஐயத்தோடு நின்றன.

உள்ளே வீற்றிருந்தவர் ஞமலிச் சித்தர். அடிவாரத்தில் வெறும் காளியண்ணனாக இருந்தவர், மலையேறும் கொண்டையூசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் சித்தராகியிருக்கிறார். ஞமலி என்றால் பழந்தமிழில் நாய். பொருள் தெரியாத பெயருக்குத்தான் நம்மவர் கை தானாகக் குவியுமே!

அவருடைய மருத்துவம் எளிது. வயிறு கழியும் நாயின் கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு. காணிக்கை ஒரு படி மிளகு.

"எட்டு நாள் விரதம் கண்ணு. ராகிக் களி மட்டுந்தான். வெள்ளைப் பொருள் எதையும் கண்ணுல காட்டப்படாது."

நாய் தேறிவிடும். ஒன்பதாம் நாள் பைரவருக்கு நன்றியாக நாய்க்கு ஒரு சொம்பு பால். அதன்பின் நாள்தோறும் பால். நாய் மறுபடி கழியும். கயிற்றின் வீரியம் தீர்ந்துவிட்டதாம்! புதுக் கயிறு, புதுப் படி மிளகு. ஆலம் உண்ட ஈசன் அசையாது நின்றான். பால் உண்ட ஞமலிகள் நிற்க மாட்டாமல் விழுந்தன. இப்படியே ஆறு மாதம்.

அதே மலையின் குண்டூர் நாட்டுச் செங்கோடனின் நாய் கருவாயன் மூன்று கயிறு கண்டது. மரவள்ளிக் கொல்லையில் பன்றி இறங்கினால் விரட்ட வேறு துணை இல்லை. மூன்றாம் முறையும் அது படுத்தபோது சித்தர் கண்மூடித் தீர்ப்பு வழங்கினார்.

"காட்டேரி குடியேறிட்டா. நாலாவது கயிறும் தோத்துப்போனா, காட்டுல கொண்டுபோய் உட்ருங்க. இல்லாட்டி ஊட்டையே அழிச்சுப்போடும்."

காட்டில் விட்ட நோயாளி நாய் திரும்பாது. அது எல்லோருக்கும் தெரியும்.

நான்காம் கயிற்றின் ஒன்பதாம் நாள், சித்தர் கட்டளைப்படி அவர் முன்னிலையிலேயே செங்கோடன் சொம்பைச் சாய்த்தார். கருவாயன் வாலாட்டியது. அவர் மனைவி மாராயி சொம்பைப் பிடுங்கினாள்.

"ஏனுங்க, ஊத்தாதீங்க. பால் ஊத்துனாத்தான் கழியுது. மூணு தடவையும் பாத்துட்டேன்."

"வாயை மூடு புள்ள! சாமி கயித்தாலதான் அது பொழைச்சுக் கெடக்குது."

"எந்தக் கயிறுங்க?" மாராயி மடியிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினாள். "கழுத்தை அறுக்குதேன்னு மொத நாளே கழட்டிப்போட்டேன். நீங்க நாயோட கழுத்தைப் பாத்திருந்தாத்தானே! களி தின்னுச்சு, தேறிடுச்சு."

கூட்டம் சலசலத்தது. சித்தர் அசரவில்லை.

"கயிறு ஊட்டுக்குள்ள இருந்தாலே போதும் கண்ணு. அருள் காத்துலயே வரும்."

"ஆமாமா, செல்போன் டவராட்ட," என்று தலையாட்டினார் மிளகு வியாபாரி மாணிக்கம். நம்புகிறவனுக்கு உவமை கிடைக்காமலா போகும்?

மாராயி சொம்போடு முன்னே நகர்ந்தாள். சித்தரின் ஆசனத்தருகே அவருடைய சொந்த நாய் படுத்திருந்தது. பளபளத்த உடல்; கழுத்தில் பதினொரு கயிறு.

"அப்ப இதுக்கு ஒண்ணும் ஆவாதுங்களே சாமி?" என்று சொம்பை அதன் வாய்க்கு நேரே நீட்டினாள்.

தவத்தின் கொடுமுடி ஆசனத்திலிருந்து எகிறிக் குதித்தது.

"ஐயோ, வேண்டாம் புள்ள! அதுக்குப் பால் ஆவாது, கழிஞ்சு தொலைக்கும்! நானே களி மட்டுந்தான் போடுறேன்!"

கூட்டம் அவரையும் நாயின் கழுத்தையும் மாறி மாறிப் பார்த்தது.

"பதினோரு கயித்துக்கும் சிக்னல் இல்லீங்களா சாமி?" என்றார் மாணிக்கம்.

சிரிப்பு சந்தை முழுதும் பரவுவதற்குள் சித்தர் மிளகு மூட்டைகளையும் மறந்து பஸ் ஏறியிருந்தார். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பசும்பால் செரிக்காது, நிறுத்தினால் தேறும். கால்நடை மருந்தகத்தில் இதை இலவசமாகச் சொல்வார்கள். இலவசமாகச் சொன்னால் யார் நம்புவது?

செங்கோடன் பாலைத் தாமே குடித்துவிட்டு, நாயோடு நடந்தார். காட்டுக்கு அன்று, மரவள்ளிக் கொல்லைக்கு.

நாயின் வயிறு தனக்கு ஆகாததை அன்றன்றே வெளியே தள்ளிற்று. ஆகாததையெல்லாம் ஆறு மாதம் செரித்துக்கொண்டிருந்தவை மனிதத் தலைகள். யோசியுங்கள் ஐயா, நாயின் குடலுக்கு இருந்த அறிவேனும் நமக்கு இருக்கவேண்டாமா?