சொஜ்ஜி யார் செய்தது?

கருங்குழி
23-5-74

அச்சரப்பாக்கம் உயர்திரு வாசுதேவன் அவர்கள் சமூகத்திற்கு, கருங்குழி கோதண்டராமன் மிகுந்த மரியாதையுடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் மனைவி சம்பூர்ணமும் மகள் வச்சலாவும் உடம்பளவில் சௌக்கியம். தாங்களும் தங்கள் சம்சாரமும் சிரஞ்சீவி ராஜாராமும் எல்லா விதத்திலும் சௌக்கியமாக இருக்க ஏரி காத்த ராமரை வேண்டுகிறேன்.

ரயில்காரர்கள் வேலைநிறுத்தத்திலும் வாடகைக் கார் வைத்துக்கொண்டு என் மகளைப் பெண் பார்க்க வந்தீர்கள். அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு. "ஊருக்குப் போய் கடுதாசி போடறோம்" என்று சொல்லிப் போனீர்கள், போடவில்லை. தரகர் இருசப்பன் நேற்று வந்து, "அந்த ஆளுக்கு மறை கழண்டுகினு கீது" என்று என்னைப் பற்றித் தாங்கள் சொன்னதாகச் சொன்னார். எனக்குக் கோபமே இல்லை. மனதில் பட்டதை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறீர்கள், அதைத்தான் நானும் செய்தேன். ஏன் செய்தேன் என்பதை மட்டும் விளக்கிவிட்டால் தங்களுக்கே என்மேல் ஒரு மதிப்பு வரும் என்று நம்புகிறேன்.

போன மாசி மாதம் கிணற்று ஆயில் எஞ்சினுக்கு வாஷர் வாங்கச் செங்கற்பட்டுக்குப் போயிருந்தேன். கடை திறக்கவில்லை, வெயிலோ தாங்கவில்லை, எதிரே ஒரு மண்டபத்தில் மின்விசிறி ஓடியது, போய் உட்கார்ந்தேன். நரசிம்மன் என்று ஒரு பேராசிரியர் அறத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எந்தக் காரியத்தையும் செய்வதற்கு முன்னால், இதையே ஊரில் எல்லோரும் செய்தால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொள், ஆகாது என்று பட்டால் நீயும் செய்யாதே என்றார். நான் எழுந்து, "ஐயா, பொய் சொல்லாம சும்மா வாய மூடிகினு இருந்தா?" என்று கேட்டேன். மறைக்கும் எண்ணத்தோடு வாயை மூடினால் அதுவும் பொய்தான் என்று அவர் சொன்னதும் மண்டபமே என்னைத் திரும்பிப் பார்த்தது. வாஷர் வாங்காமலே வீடு வந்து சேர்ந்தேன். அன்று முதல் நான் வேறு ஆள். அடுத்த வாரமே காளை மாட்டை விற்க ஓட்டிப்போய், இது உதைக்கும் என்று கேட்காதவர்களுக்கும் சொன்னேன். ஒருவரும் வாங்கவில்லை, மாடு இன்னும் வீட்டில்தான் உதைத்துக்கொண்டிருக்கிறது, ஆனால் படுத்தால் எனக்கு உடனே தூக்கம் வருகிறது.

இப்போது தாங்கள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். எங்கள் தெருவில் ஒரு வழக்கம். யார் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தாலும் தெருவே சாமான் கொடுக்கும். எதிர்வீட்டு நாற்காலி, கோடி வீட்டுக் கடிகாரம், பக்கத்து வீட்டு ஜெகதாம்பாளின் எவர்சில்வர் டம்ளர், பட்டாளத்திலிருந்து வந்த தேவசகாயத்தின் டிரான்சிஸ்டர், எல்லாவற்றையும் சம்பூர்ணம் வாங்கி அடுக்கிவிட்டாள். நான் பேராசிரியர் சொன்னபடி கேட்டுக்கொண்டேன்: எல்லோரும் இப்படியே செய்தால் என்ன ஆகும்? எல்லோரும் செய்துகொண்டுதானே இருக்கிறார்கள், எங்கள் வீட்டுக் குத்துவிளக்கு போகாத வீடு ஏது, ஊர் ஒன்றும் மூழ்கிவிடவில்லையே என்று ஒரு பதில் வந்தது. அது எனக்குக் கொஞ்சம் இடித்தது. மேற்கொண்டு யோசிப்பதற்குள் தங்கள் கார் வந்துவிட்டது.

தங்கள் சம்சாரம் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "சொஜ்ஜி நல்லா கீதே, பொண்ணு செஞ்சதா?" என்று கேட்டார்கள். "எல்லாம் வச்சலா கைதான்" என்றாள் சம்பூர்ணம். என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்று, "இல்லீங்க. சொஜ்ஜி பக்கத்து வூட்டு ஜெகதாம்பா செஞ்சது. பஜ்ஜி எஞ்சம்சாரம் போட்டது. எம்பொண்ணு போட்டது இந்தக் காபி ஒண்ணுதான்" என்றேன். அதுவரை குடித்துக்கொண்டிருந்த காபியைத் தாங்கள் கீழே வைத்தீர்கள். ஆரம்பித்தபின் பாதியில் நிறுத்தினால் மீதியை மறைத்ததாகும் அல்லவா? அதனால் தங்கள் மகன் உட்கார்ந்திருந்த நாற்காலியும் இரவல் என்றேன். அவர் சட்டென்று எழுந்துவிட்டார், எவ்வளவு சொல்லியும் மறுபடி உட்காரவில்லை. தாங்கள் கடிகாரத்தைப் பார்த்து நேரமாகிவிட்டது என்றீர்கள். அந்தக் கடிகாரமும் எங்களுடையது இல்லை, அது அரை மணி வேகம் வேறு என்று சொல்லவேண்டியதாயிற்று.

தாங்கள் கார் ஏறியபிறகு நடந்தது தங்களுக்குத் தெரியாது. ஜெகதாம்பாள் உள்ளே வந்து, "ஏன் அண்ணாத்த, நான் சொஜ்ஜி செஞ்சத சொல்லச் சொல்லி உன்ன கேட்டனா? நம்ம வச்சலாவுக்குன்னு ஆசையா கிண்டினேன், அதுல மண்ண போட்டுட்டியே!" என்று சத்தம் போட்டுவிட்டு டம்ளர்களைக் காபியோடு எடுத்துப் போனாள். நாற்காலிகள் போயின. தேவசகாயம் டிரான்சிஸ்டரை அணைக்கக்கூட இல்லை, அது செய்தி வாசித்துக்கொண்டே தெருவில் போனது. சம்பூர்ணம் இன்றுவரை என்னிடம் பேசவில்லை. சொல்லவேண்டியதையெல்லாம் மாட்டிடம் சொல்கிறாள், நான் பக்கத்தில் நின்று தெரிந்துகொள்கிறேன். இருசப்பனோ, "கலியாணத்த கலைக்க ஊர்ல நாலு பேரு இருப்பான். பொண்ணப் பெத்தவனே கலைக்கறத இப்பத்தான் பாக்கறேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஐயா, நான் கலைக்கவில்லை. இந்தச் சம்பந்தம் கூடவேண்டும் என்று தங்களைவிட எனக்குத்தான் ஆசை. இரவல் சாமானை நம்பி என் பெண்ணைத் தாங்கள் ஏற்றுக்கொண்டு, பின்னால் தெரிந்து அவளை ஒரு சொல் சொன்னால் என்னால் தாங்க முடியாது, அவ்வளவுதான். பாக்கி இருப்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வச்சலாவுக்கு வயது இருபத்திரண்டு முடிந்துவிட்டது, இருபது என்று தரகர் சொன்னது பொய். சமையல் சுமார். பாட்டு வராது. ஆனால் ஆயில் எஞ்சினைத் தனியாகக் கழற்றி மாட்டுவாள், அக்கம்பக்கத்தில் எந்தக் கிணற்றில் எஞ்சின் நின்றாலும் அவளைத்தான் கூப்பிட வருகிறார்கள். கையெல்லாம் கிரீஸோடு அவள் வரப்பில் நடந்து வரும்போது, இவளைப் பெற்றவன் நான் என்று ஊரைக் கூட்டிச் சொல்லவேண்டும் போல இருக்கும். இந்தத் தாலுகாவில் பெண் பார்க்க வந்தவர்களிடம் சொஜ்ஜி யார் செய்தது என்று சொன்ன முதல் தகப்பனும் நான்தான். அந்தப் பெருமையையும் நான் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

ஆகவே வைகாசி முடிவதற்குள் நல்ல பதில் எழுதவேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எழுதுங்கள், ஜாதகம் ஒத்துவரவில்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தங்கள் சம்சாரத்துக்கு எங்கள் வணக்கம். சிரஞ்சீவி ராஜாராமுக்கு என் மனமார்ந்த ஆசி. சம்பூர்ணமும் வணக்கம் சொல்லச் சொல்லியிருப்பாள், பேசாததால் சொல்லவில்லை.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி ஆகக் காத்திருக்கும்
கோதண்டராமன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் இதை வச்சலாவிடம் படிக்கக் கொடுத்தேன். நிதானமாகப் படித்தாள். "எல்லாம் கரீட்டாத்தான் கீது நைனா. எனக்குப் புடிச்சிருக்குதான்னு மட்டும் நீ கேக்கவே இல்லியே?" என்றாள். அப்போதுதான் கேட்டேன். "புடிக்கல" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எல்லாப் பொண்ணுங்களும் இப்படிச் சொன்னா இன்னா ஆவும்மா?" என்றேன். "பெத்தவங்கல்லாம் முன்னாடியே கேப்பாங்க" என்றாள். செங்கற்பட்டு மண்டபத்தில் இவளைத்தான் மேடையேற்றியிருக்க வேண்டும். ஆகையால் மேலே எழுதியிருப்பதில் பதில் கேட்ட இடத்தை ரத்து செய்துகொள்ளவும். எங்களுக்கு வேண்டாம், ஜாதகத்தின் மேல் குற்றம் எதுவும் இல்லை. கடிதத்தைக் கிழித்துப் போட்டிருக்கலாம், மறைத்ததாகிவிடுமே என்று அனுப்புகிறேன். தாங்களும் சிரமம் பாராமல் தங்கள் மகனை ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அவரையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.