ஃபுல்லோடும் ஃபுட்பால் ஸ்டேடியமும்

காலி சீட்டைப் பார்த்தால் காய்ச்சல் வருகிற மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான் உண்டு. அவர் என் வீட்டுக்கு மூன்றாவது வீட்டில் இருக்கிறார். பெயர் என்று ஏதோ இருக்கிறது, ரேஷன் கார்டில் பார்த்தால் தெரியும். ஓசூருக்கு அவர் ‘ஃபுல் லோடு’, சேர்த்துச் சொன்னால் ‘ஃபுல்லோடு’. கேஸ் சிலிண்டர்காரரிடம் அவர் மனைவியே “ஃபுல்லோடு வீடுங்க” என்றுதான் வழி சொல்வார்.

அவர் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் பஸ்களைக் கவனிக்கிற சூப்பர்வைசராக இருந்தார். நான் அதே தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் போல்ட்டும் நட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணி எண்ணிப் பழகிவிட்டதால் ஓய்வு பெற்ற பிறகும் கண்ணில் படுவதையெல்லாம் எண்ணுகிறேன். இட்லித் தட்டில் குழி, கல்யாணப் பந்தியில் இலை, மருத்துவரின் அறையில் எனக்கு முன்னால் இருக்கும் தலைகள், எதையும் விடுவதில்லை. ஆகவே எண்ணிக்கையில் என்னை நம்பலாம்.

ஐம்பத்திரண்டு பேர் உட்காருகிற பஸ்ஸில் நாற்பத்தைந்து பேர் வந்தால் ஃபுல்லோடுக்கு மனசு ஆறாது. வழியில் நிற்கிற ஏழு பேரை ஏற்றிவிடுவார். டீச்சர், புதினாக்கட்டு விற்கிற அம்மா, கோர்ட்டுக்குப் போகிறவர், யாராக இருந்தாலும் சரி. ஒருநாள் காலை ஷிஃப்டுக்கு வந்த பஸ்ஸிலிருந்து தொழிலாளர்களோடு ஒரு நாதஸ்வரம், இரண்டு தவில், ஒரு ஜால்ரா இறங்கின. கேட்டில் செக்யூரிட்டி அலறிவிட்டார். மேலாளர் கூப்பிட்டுக் கேட்டபோது ஃபுல்லோடு அசரவே இல்லை.

“சீட்டு சும்மாதான சார் வந்துச்சு? பாவம், முகூர்த்தத்துக்கு நேரமாச்சுன்னாங்க.”

“முகூர்த்தம் நம்ம கம்பெனியிலயா நடக்குது?”

“அதான் சார், எறங்க மறந்துட்டாங்க.”

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இறந்தபோது, மயானத்துக்குப் போகிற வண்டியில் உடலுக்குப் பக்கத்தில் இரண்டு இடம் காலியாக இருந்தது. ஃபுல்லோடு வண்டியை நிறுத்தச் சொன்னார். பஸ்ஸுக்கு நின்றிருந்த இரண்டு பேரை, “அந்தப் பக்கம்தான் போவுது, ஏறுங்க” என்று ஏற்றிவிட்டார். இறந்தவரை முன்பின் பார்த்திராத அந்த இருவரில் ஒருவர், இறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். மகன்களில் ஒருவர்கூட அந்த அளவு அழவில்லை.

இப்படிப்பட்ட மனிதர் வாழ்கிற ஊரில்தான் புது ஃபுட்பால் ஸ்டேடியம் கட்டினார்கள்.

ஊரின் நடுப்பகுதிக்குப் பக்கத்தில்தான் ஸ்டேடியம். பஸ் ஸ்டாண்டிலிருந்து காக்காய் பறந்தால் ஐந்து நிமிடம். ஆனால் மனிதர்கள் போவதற்கு வழியே இல்லை. டவுன் பஸ்கள் எல்லாம் மேம்பாலத்தில் ஏறித் தாண்டிப் போய்விடும். கீழே சர்வீஸ் ரோடு, இரண்டு பக்கமும் லாரிகள், மூன்று தெருவிளக்குக்கு ஒன்று எரியும். உள்ளே நான்கு விளக்குக் கோபுரம், ஆறு கேட், கார் நிறுத்த ஓர் இடம், பைக் நிறுத்த ஓர் இடம். எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தேன். பஸ் நிற்க ஒரு கம்பம்கூட நடவில்லை.

பெண்கள் போட்டி தொடங்கிய முதல் சனிக்கிழமை ஃபுல்லோடு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அவருக்கு ஃபுட்பால் தெரியாது. கோல்கீப்பர் மட்டும் கையால் பந்தைத் தொடுவது அக்கிரமம் என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

“என்னய்யா, மாத்திரை போடலையா?” என்று பதறினேன்.

“மாத்திரை இல்லய்யா ஸ்டோர்ஸு. சுத்தியும் பாரு.”

பார்த்தேன். கேலரி முழுக்க நீல நாற்காலிகள். பல ஆயிரம் இருக்கும். அதில் உட்கார்ந்திருந்தவர்கள் எங்களையும் சேர்த்து அறுபத்து மூன்று பேர். நாற்பது வருஷமாக ஒரு சீட்டு காலியாகப் போவதையே பொறுக்காத மனிதரை நடுக்கடலில் இறக்கிவிட்ட மாதிரி ஆகிவிட்டது.

வெளியே வந்தால் அதைவிட மோசம். சர்வீஸ் ரோட்டில் ஷிஃப்ட் பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. வேலை முடிந்தவர்களை இறக்கிவிட்டு, இரவு ஷிஃப்டுக்காரர்களைக் கூட்டிவரப் போகிற பஸ்கள். உள்ளே விளக்கு எரிகிறது, ஓட்டுநரைத் தவிர ஆளில்லை.

“உள்ள காலி சீட்டு, வெளிய காலி பஸ்ஸு,” என்றார் ஃபுல்லோடு. “நடுவுல ஜனங்க நடந்து போவுது. இது என்னய்யா ஊரு?”

நடந்து போனது கர்நாடக எல்லையோரத் தளி ஊர் டீம். பதினைந்து பெண்கள். சிலர் ரோஜாப் பண்ணையில் வேலை செய்கிறவர்கள், சிலர் கல்லூரியில் படிக்கிறவர்கள். பஸ் ஸ்டாண்டுவரை அந்த இருட்டில் லாரிகளுக்கு நடுவே நடந்துபோய்த்தான் தளி பஸ் பிடிக்க வேண்டும். கூடவே கோல்கீப்பர் பவித்ராவின் அம்மா மாதம்மா. தோட்டத்துக் கொத்தமல்லியைச் சந்தைக்கு ஏற்றி அனுப்புகிறவர், தமிழும் கன்னடமும் ஒரே மூச்சில் பேசுகிறவர். வழியில் பைக்கில் போன இரண்டு பேர் அந்தப் பெண்களைப் பார்த்து ஏதோ கத்திவிட்டுப் போனார்கள். மாதம்மா அங்கேயே நின்றுவிட்டார்.

“பேடப்பா பேடா! இந்த ஆட்டமே வேணாம். அடுத்த சனிக்கிழம வரைக்கும் பாப்பேன். கேட்டாண்ட பஸ்ஸு வந்தா என் பொண்ணு ஆடுவா. இல்லன்னா இல்ல. மத்த அம்மாங்களும் இதத்தான் சொல்றாங்க.”

“கீப்பர் இல்லன்னா டீமே இல்லம்மா,” என்றாள் பவித்ரா. “ஒரு மேட்ச் போகலன்னா போட்டியிலருந்தே தூக்கிடுவாங்க.”

“தூக்கட்டும். நீ முழுசா வீடு வந்தா போதும்.”

யாரும் கேட்காமலே ஃபுல்லோடு நடுவில் போய் நின்றார். “கேட்டுக்கே பஸ் வரும்மா. என் பொறுப்பு.”

“யார் பஸ்ஸுண்ணா?”

“அதான் எத்தினி போவுது பாரு!”

எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. அடுத்தவன் பஸ்ஸுக்கு இவர் எப்படிப் பொறுப்பு ஏற்கலாம்?

திங்கட்கிழமை டவுன் பஸ் அதிகாரி ஒருவரைப் போய்ப் பார்த்தோம். “ஸ்டாப்பிங் கேக்கறீங்க, கூட்டம் இருக்கா?” என்றார். ஃபுல்லோடு, “ஸ்டாப்பிங் இல்லாம கூட்டம் எப்படி சார் வரும்?” என்றார். “கூட்டம் வரட்டும், ஸ்டாப்பிங் தரோம்.” “ஸ்டாப்பிங் தாங்க, கூட்டம் தரேன்.” இப்படியே டீ வந்து ஆறுகிறவரை பேசினார்கள். அதிகாரி நல்ல மனிதர்தான். டீ எங்களுக்கும் சொன்னார்.

கடைசியில் ஃபுல்லோடு தன் பழைய ஓட்டுநர் முனிராஜைப் பிடித்தார். முனிராஜ் இப்போது வேறொரு கம்பெனிக்கு ஓட்டுகிறார். சனிக்கிழமை இரவு ஷிஃப்டுக்கு ஆள் ஏற்ற தளிக்குக் காலியாகத்தான் போவார். “வெளி ஆள ஏத்தக் கூடாதுண்ணா” என்று இழுத்தவர், ஃபுல்லோடு முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

சனிக்கிழமை மாதம்மா வரவில்லை. தோட்டத்தில் வேலை. “உன்ன நம்பி அனுப்பறேண்ணா” என்று போனில் சொல்லியிருந்தார். பவித்ரா ஒரு பெனால்டியைப் பாய்ந்து பிடித்தாள். தளி ஜெயித்தது. கையால் பந்தைத் தொடுவதற்கு ஃபுல்லோடு அன்றுதான் அனுமதி கொடுத்தார்.

ஏழே காலுக்குக் கேட்டில் நின்றோம். தூரத்தில் ஒரு வெள்ளை பஸ், உள்ளே விளக்கு, ஓர் ஆள் இல்லை. ஃபுல்லோடு நடுரோட்டில் போய்க் கை இரண்டையும் விரித்து நின்றுவிட்டார்.

“ஏறுங்க, ஏறுங்க, ஏறுங்க!”

“யோவ், கண்ணாடியில போர்டு பாத்தியா? முனிராஜ் எங்க?” என்றேன்.

“இந்த நேரத்துக்குக் காலி பஸ்ஸு வேற எங்கய்யா போவும்? ஏறுய்யா!”

ஓட்டுநர் தெற்கத்திப் பையன், வேலைக்குப் புதிது. “ஆஸ்டல் பிள்ளைகளா? ஏறுங்க ஏறுங்க, நேரமாச்சு” என்றான். பதினைந்து பெண்கள், இரண்டு கிழவர்கள். பதினேழு தலை சரியாக இருந்தது. அதுதான் அன்றைக்குச் சரியாக இருந்த ஒரே விஷயம்.

கொஞ்ச தூரம் போனதும் பவித்ரா எழுந்தாள். “தாத்தா, இது தளி ரோடு இல்ல.”

“சுத்திப் போவான்மா.”

சுத்தித்தான் போனான். நேராக ஒரு தொழிற்சாலைக்குள் போய் நின்றான். எட்டு மணிக்கு வேலை முடிகிறவர்களை ஏற்றிப் போக வந்த பஸ் அது. அந்த வாரம் முழுக்க அங்கே புதிதாக வேலைக்குச் சேர்கிற பெண்கள் பஸ் பஸ்ஸாக வந்துகொண்டிருந்தார்களாம். ஒரே மாதிரி டீ-ஷர்ட் போட்ட பதினைந்து பெண்களைப் பார்த்ததும் செக்யூரிட்டிக்குச் சந்தேகமே வரவில்லை.

“புது பேட்ச்சா? லைன்ல நில்லுங்கம்மா. ஓ, டோக்கன் நம்பர முதுகுலயே போட்டுட்டாங்களா? நல்ல ஏற்பாடு.” பவித்ரா மட்டும் வேறு நிற டீ-ஷர்ட்டில் இருந்தாள். “இவங்க லீடரா?” பிறகு எங்களைப் பார்த்தார். “நீங்க ரெண்டு பேரும்…?”

“பிரேக் டவுன்,” என்றேன், மெஷின் ரிப்பேருக்கு வந்தவர்கள் மாதிரி. அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான்.

ஏதாவது விளக்கம் சொல்வதற்குள் எங்களைக் கேன்டீனில் உட்கார வைத்துவிட்டார்கள். தொண்ணூறு நிமிடம் ஓடிய பெண்கள், சாம்பார் சாதத்தின் வாசனையில் எதையும் மறுக்கவில்லை. முட்டை வேறு இருந்தது. ஃபுல்லோடு இரண்டாவது முட்டையை உரித்துக்கொண்டிருக்கும்போது மனிதவளத் துறை மேடம் வந்து வரவேற்றுப் பேசினார். “உங்க வாழ்க்கையில இன்னிக்குப் புது ஆரம்பம்” என்றார். பெண்கள் கைதட்டினார்கள். மேடம் பவித்ராவைப் பார்த்து, “இதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?” என்றார்.

“ஸ்டேடியத்துல மேடம்.”

“அங்க என்ன வேலை?”

“பந்து பிடிக்கிற வேலை மேடம். இன்னிக்கு நல்லா பிடிச்சேன்.”

மேடத்தின் முகம் மாறிக்கொண்டிருந்தபோதே ஃபுல்லோடின் போன் அடித்தது. காது கொஞ்சம் மந்தமான மனிதர், எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். கேன்டீன் முழுக்க மாதம்மாவின் குரல்.

“எங்கண்ணா இருக்கீங்க? முனிராஜு பஸ்ஸு வந்துச்சு, அதுல ஒருத்தியும் இல்ல!”

“கம்பெனில சாப்ட்டுட்டு இருக்கோம்மா…”

“அய்யோ! ஆட்டத்துக்குப் போனவள வேலைக்கு அனுப்பிட்டியா?” சிரிப்பு எழுந்து, அடங்கியது. ஏனென்றால் மாதம்மா அழுதுகொண்டிருந்தார். “ஆயித்து அண்ணா. முடிஞ்சுது. இனி ஒருத்தியும் வரமாட்டா.”

பவித்ரா தட்டைத் தள்ளிவைத்தாள். மற்ற பெண்களும் சாப்பாட்டை நிறுத்திவிட்டார்கள்.

ஃபுல்லோடு அவ்வளவு சின்னதாகி நான் பார்த்ததில்லை. எழுந்து மேடத்தின் முன்னால் போய் நின்றார். “தப்பு என்னுதும்மா. போர்டு பாக்கல. காலி சீட்ட பாத்தா எனக்குக் கண்ணு தெரியாது. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். தளிக்கு ஆள் எடுக்க ஒரு பஸ்ஸு போவுதே, முனிராஜு ஓட்டறது, அது உங்க கம்பெனி பஸ்ஸுதான? கேட்டுல பேரு இப்பதான் பாத்தேன். ஸ்டேடியம் வாசல்லதான போவுது?”

“ஆமா. ஆனா வெளியாளுங்கள ஏத்தறதுக்கு ரூல் இல்ல. இன்சூரன்ஸ் இருக்கு, பாதுகாப்பு இருக்கு…”

“பாதுகாப்புக்குத்தான்மா கேக்கறேன்,” என்றார் ஃபுல்லோடு. “அந்த ரோட்டுல ஒருநாள் நடந்து பாருங்க.”

மேடம் சாப்பாட்டை நிறுத்திய பெண்களைப் பார்த்தார். பிறகு ஃபுல்லோடின் கையிலிருந்து போனை வாங்கி, மாதம்மாவிடம் கன்னடத்தில் பேசினார். எனக்குப் பாதிதான் புரிந்தது. நானே கூட வருகிறேன் என்று சொன்னது புரிந்தது.

அன்று மேடம் தளிவரை எங்களோடு கம்பெனி பஸ்ஸில் வந்தார். ஸ்டேடியம் வாசலில் இறங்கி, லாரிகளுக்கு நடுவே கொஞ்ச தூரம் நடந்து பார்த்துவிட்டு, திரும்பி வந்து ஏறிக்கொண்டார். தளியில் பத்துப் பன்னிரண்டு அம்மாக்கள் டார்ச்சோடு நின்றிருந்தார்கள். மாதம்மா முதலில் மகளை அணைத்துக்கொண்டார். பிறகு ஃபுல்லோடைத் திட்டினார், கன்னடத்தில் பாதி, தமிழில் பாதி. அவர் குனிந்து நின்று முழுவதையும் வாங்கிக்கொண்டார்.

புதன்கிழமை மேடம் கூப்பிட்டுச் சொன்னார். ஆட்டம் இருக்கிற சனிக்கிழமைகளில் தளி பஸ் ஸ்டேடியம் கேட்டில் நிற்கும், ஒரு பெண் செக்யூரிட்டி கூட வருவார், இன்சூரன்ஸுக்கும் ஏற்பாடு ஆகிவிட்டது. மாதம்மாவிடம் சொன்னபோது, “பாக்கலாம்” என்றார். அம்மா அப்படிச் சொன்னால் சரி என்று அர்த்தம், என்றாள் பவித்ரா.

அந்தச் சனிக்கிழமை மாதம்மா தனியாக வரவில்லை, இருபத்தாறு பேரைக் கூட்டி வந்தார். கேலரியின் ஒரு மூலை நிறைந்தது. அடுத்தடுத்த வாரங்களில் இன்னும் இரண்டு கம்பெனி பஸ்கள் கேட்டில் நிற்க ஆரம்பித்தன. டீ கொடுத்த அதிகாரி ஒருநாள் கூட்டத்தை வந்து பார்த்துவிட்டுப் போனார். இப்போது சனிக்கிழமை மாலையில் ஒரு டவுன் பஸ் மேம்பாலத்தில் ஏறாமல் கீழே வருகிறது. கம்பம் இன்னும் நடவில்லை. தெருவிளக்கு மூன்றுக்கு இரண்டு எரிகிறது. மூன்றாவதும் எரியும் என்றுதான் நினைக்கிறேன். கவலைப்படுவதே வேலையாக உள்ள எனக்கே அப்படித் தோன்றுகிறது.

அரையிறுதி முடிந்த மாலை, தளி பஸ்ஸில் கூட்டம் பிதுங்கியது. பெண்கள், அம்மாக்கள், யாரோ ஒரு மாமா, கோப்பை இன்றைக்கே கொடுப்பார்கள் என்று நம்பி வந்த ஒரு பாட்டி. தளி ஜெயித்திருந்தது. வழியனுப்பக் கூடவே போய்வருவது ஃபுல்லோடின் வழக்கம். அன்று படியில் கால் வைத்தவரைக் கண்டக்டர் மாதிரி நின்றிருந்த மாதம்மா தடுத்துவிட்டார்.

“எடமில்லண்ணா. நில்லு, அடுத்த வாரம் வா.”

“எடமில்லயா?” என்றார் ஃபுல்லோடு. “ஒண்ணு கூடவா இல்ல?”

“ஒண்ணு கூட இல்ல.”

பஸ் கிளம்பியது. ஜன்னல் ஜன்னலாகக் கைகள் ஆடின. பின்விளக்கு தளி ரோட்டில் திரும்பி மறைகிறவரை ஃபுல்லோடு ரோட்டோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, தூசி என்றார். வீட்டுக்குப் போக அவருக்கு வண்டி இல்லை. என் ஸ்கூட்டர் இருந்தது.

“வாய்யா, ஏறு,” என்றேன். பத்து நிமிடத்தில் போகக்கூடிய வழிதான். நான் மெதுவாகத்தான் ஓட்டினேன், அவர் பேசிக்கொண்டே வரட்டும் என்று.