பதின்மூன்றாவது ஆள்

உலகமே புரண்டாலும் இந்த வருஷம் முள்ளங்கிக்குப் புகை போடுவதில்லை என்று தீர்மானித்துவிட்டேன்.

எங்கள் அகிதா மலையடிவாரத்தில் பனி கொட்டும் முன்னே முள்ளங்கியைக் கொட்டகையில் கட்டித் தொங்கவிட்டு, கீழே விறகு மூட்டி, நாள்கணக்கில் புகை போட்டு, அப்புறம்தான் ஊறுகாய் போடுவார்கள். தீ அணையவும் கூடாது, கொழுந்துவிட்டு எரியவும் கூடாது. பக்கத்திலேயே ஓர் ஆள் கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான்தான்.

அதனால்தான் இந்த மகத்தான திட்டம். முதலில் மலையில் கரடி வேட்டை. இறங்கும் வழியில் வெந்நீர் ஊற்றில் ஒரு முழுக்கு. அப்படியே கடற்கரைக்குப் போய் ஹதஹதா மீன். நான் திரும்புவதற்குள் முள்ளங்கி தானாகவே புகைந்திருக்கும்.

என் மனைவி கிகுனோ முள்ளங்கியைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"மலையும் கடலும் ஒரே மூச்சுலயா? சரி, நானும் வரேன்."

"ஐயையோ, அது ஆகாது. மலையைக் காக்கற சாமி மலைத்தாய்க்குப் பொம்பளைங்க வந்தா பொறாமை. அவ முகம் கொஞ்சம் சுமார்."

"அப்ப அழகா இருக்கறவங்க மேலதானே பொறாமை வரும்?"

"ஆமா."

"நான் வந்தா?"

வசமாக மாட்டிக்கொண்டேன். வராது என்றால் சோறு கிடையாது. அதோடு கூடவே கிளம்பியும் விடுவாள்.

"உன்னைப் பாத்தா பொறாமையில மலையையே புரட்டிடுவா" என்றேன்.

"கல்யாணமானதுலேர்ந்து இன்னைக்குத்தான் இதைச் சொல்றீங்க. அவளுக்கு வேற என்னல்லாம் ஆகாது?"

ஆள் உருகிவிட்டாள் என்று நினைத்தேன். வாய் சும்மா இருக்குமா? எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மலையில் பெண்களைப் பற்றிப் பேசக் கூடாது. பெண்டாட்டி பேரை வாயால் சொல்லவே கூடாது. பன்னிரண்டு பேராகப் போகவே கூடாது.

"நீங்க எத்தனை பேரு?"

"என்னோட சேத்து பன்னிரண்டு. அதுக்குத்தான் ஒரு வைக்கோல் பொம்மை. அதையும் தூக்கிட்டுப் போனா பதிமூணு ஆயிடும். அதைச் செய்யற பொறுப்பு என்னுது."

"பாவம், தனியாவா செய்வீங்க?" என்று ஊசி நூலோடு வந்து உட்கார்ந்தாள். என் பழைய கோட்டைப் பொம்மைக்குப் போட்டு, தொப்பி வைத்து, மூக்குகூடத் தைத்தாள். இப்படி ஒரு மனைவி கிடைக்க நான் என்ன தவம் செய்தேனோ என்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை, "வேட்டைத் தலைவர் வீட்டுல நானே குடுத்துட்டு வரேன்" என்று பொம்மையைத் தூக்கிக்கொண்டு போனாள். நான் மீன் கூடையைத் துடைத்து வைத்தேன். அவள் திரும்பி வந்தாள். இடுப்பில் பொம்மை.

"ஏன் திரும்பக் கொண்டாந்தே?"

"வேண்டாமாம். பதினோரு பேர்தான் போறாங்களாம்."

"அடடா. யாரு வரலையாம்?"

"நீங்கதான்."

கூடையை விட்டுவிட்டு எழுந்தேன்.

"தலைவர் யோஹெய் ஐயாகிட்ட என்னடி சொன்னே?"

"உண்மையத்தான். தூக்கத்துல நீங்க என் பேரைச் சொல்றீங்கன்னு. மலைக் குடிசையில படுத்துக்கிட்டு அப்படிச் சொன்னா அந்தப் பொறாமைக்காரி சும்மா விடுவாளா? கேட்டதும் அவருக்கு முகமே வெளுத்துப் போச்சு."

"நான் எங்கடி உன் பேரைச் சொன்னேன்?"

"தினமும்தான். 'கிகுனோ, அடிக்காதே, கிகுனோ'ன்னு."

மறுநாள் காலை பதினோரு பேரும் எங்கள் கொட்டகையைத் தாண்டித்தான் மலையேறினார்கள். தலைவர் யோஹெய் மட்டும் நின்று, "குடுத்து வச்சவன்யா நீ. இந்த வயசுலயும் பெண்டாட்டி மேல இவ்வளவு ஆசையா?" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், புகைதான் உள்ளே போனது.

கிகுனோ பொம்மையைக் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார வைத்தாள். பிறகு வெளியே போய் இன்னொரு வண்டி முள்ளங்கியை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"அதான் இப்ப ரெண்டு பேர் இருக்கீங்களே."