சுந்தரராமன் ஜெயிக்கக் கூடாத பந்தயம்

மேல்படிப்புக்கு அமெரிக்கா வந்த தமிழ்ப் பிள்ளை செய்யவே கூடாத காரியம் ஒன்று உண்டென்றால், அது ஆபீஸில் போய் "இதைச் செய்யலாமா?" என்று கேட்பதுதான். கேட்காதவரை எல்லாம் செய்யலாம். கேட்டுவிட்டால் சாயங்காலத்துக்குள் அதற்கென்று ஒரு விதி பிறந்துவிடும். சுந்தரராமன் கேட்டான்.

1999-ஆம் வருஷம், நியூ ஜெர்சியில் ஒரு பல்கலைக்கழகத்தில் நடந்தது இது. பெயர் வேண்டாம். அங்கே வழக்குப் போடுவதற்கென்றே தனிக் கட்டடம் வைத்திருக்கிறார்கள். மேற்கு மாம்பலத்திலிருந்து வந்த சுந்தரராமன் அங்கே சிவில் எஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்தான். படிப்புச் செலவும் சாப்பாட்டுச் செலவும் புரொஃபசர் ஹாஃப்மன் மனது வைத்துக் கொடுத்த உதவித்தொகையில் ஓடின. ஆகவே புரொஃபசர் என்ன கேட்டாலும் "யெஸ், சார்" என்பது அவனுடைய நிரந்தரக் கொள்கை.

"உனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா?" என்று ஒருநாள் புரொஃபசர் கேட்டார்.

"யெஸ், சார்."

அந்தக் கணமே அவன் பல்கலைக்கழகத்தின் சைக்ளோகிராஸ் அணியில் சேர்க்கப்பட்டான். புரொஃபசர்தான் அணியின் புரவலர். நாலு பேர் வேண்டிய அணியில் மூன்று பேர்தான் இருந்தார்கள். நாலாவது ஆள் கிடைக்காவிட்டால் கல்லூரிகளுக்கான சாம்பியன்ஷிப்பில் அணியை இறக்க முடியாது, புரொஃபசரின் மானம் கப்பலேறிவிடும்.

சைக்ளோகிராஸ் என்பது ஒரு உயர்ந்த விளையாட்டு. சைக்கிள் ஓட்டவே முடியாத இடமாகத் தேடிப் பிடித்து, மழை பெய்கிற மாதமாகப் பார்த்து, அங்கே சைக்கிள் ஓட்டுவார்கள். போதாததற்கு நடுநடுவே குறுக்குப் பலகை நட்டிருப்பார்கள். அங்கே இறங்கி, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு தாண்டி ஓட வேண்டும். நல்ல ரோடு நிறைய உள்ள நாட்டில்தான் இப்படியெல்லாம் தோன்றும்.

அணியின் கேப்டன் கெவின் இதற்காகவே பிறந்தவன். காற்றுத் தடுக்கும் என்று காலில் ஒரு ரோமம் விடாமல் சிரைத்திருந்தான். எடை குறையட்டும் என்று தன் சைக்கிள் சாவியில்கூட ஓட்டை போட்டிருந்தான். ஒரு சைக்கிளில் சேறு ஒட்டினால் மாற்றிக்கொள்ள இன்னொரு சைக்கிள் வைத்திருந்தான். சுந்தரராமனிடம் இருந்தது யாரோ வீட்டைக் காலி செய்தபோது கராஜில் கிடைத்த ஒற்றை சைக்கிள். எருமைக் கன்று கனம் இருக்கும்.

இதையெல்லாம் கேட்டதும் அவனுடைய ரூம்மேட் கஸ்தூரிரங்கன் முகம் வெளுத்துவிட்டது. மான்மவுத் ஜங்ஷனில் அவர்கள் குடியிருந்த அபார்ட்மெண்டுக்கே விசா விஷயத்தில் அவன்தான் ஹைகோர்ட்.

"டேய், பிரைஸ் உண்டா?"

"ஃபர்ஸ்ட் வந்தா ஒரு கப்பு, ஒரு ஜோடி டயர்."

"போச்சு! டயர்னா இன்கம்டா. டெக்ஸஸ்ல ஒருத்தன் ராஃபிள் குலுக்கல்ல டோஸ்டர் வின் பண்ணான். அடுத்த ஃப்ளைட்ல பேக் பண்ணி அனுப்பிட்டாங்க."

"யாரு?"

"என் கசினோட ரூம்மேட்டோட ஃப்ரெண்டு. பேசாம ஆபீஸ்ல போய் கேட்டுடு. ஸேஃப்."

வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் துணை ஆலோசகர் மிஸ் டோரத்தி அவனை அன்போடு உட்காரவைத்து, கைப்பிடிச் சுவர் உயரத்துக்கு இருந்த விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.

"நீங்கள் படிக்கத்தான் வந்திருக்கிறீர்கள். வேலை செய்ய அனுமதி இல்லை. பரிசு என்பது என்ன? செய்த காரியத்துக்குக் கிடைப்பது. காரியம் செய்து பொருள் பெறுவது என்ன? வேலை. ஆகவே ஜெயிப்பது வேலை."

"தோற்பது?"

"தாராளமாகத் தோற்கலாம். அது பொழுதுபோக்கு."

"பரிசை வேண்டாம் என்று சொல்லிவிட்டால்?"

"சம்பளம் வாங்காமல் வேலை பார்ப்பது இன்னும் பெரிய குற்றம்" என்றார் மிஸ் டோரத்தி வருத்தத்துடன். "ஜெயித்தால் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டியிருக்கும். எதற்கும் நானே நேரில் வந்து மேற்பார்வை பார்க்கிறேன்."

சுந்தரராமன் நிம்மதியாக வெளியே வந்தான். அவனாவது ஜெயிப்பதாவது!

பந்தயத்தன்று காலையிலிருந்து மழை கொட்டியது. பார்க்கில் புல் இருந்ததற்கான அடையாளமே இல்லை. விசில் ஊதியதும் அறுபது பேர் பாய்ந்தார்கள். சுந்தரராமன் பத்தடி போவதற்குள் இரண்டு முறை விழுந்தான். மூன்றாவது முறை எழுந்தபோது அவனுக்கு அலுத்துவிட்டது. ஏறி விழுவதற்கு ஏறாமலே இருக்கலாமே? சைக்கிளைக் காவடி மாதிரித் தோளில் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தான். விதிப்படி அதில் தப்பில்லை.

மற்றவர்கள் உயர்ந்த சைக்கிள் வைத்திருந்ததால் அதை விட்டு இறங்க மனம் வரவில்லை. சக்கரத்தில் சேறு அடைத்துக்கொண்டு அங்கங்கே நட்டுவைத்த மாதிரி நின்றார்கள். கெவின் ஒரு சைக்கிளைக் கொடுத்து இன்னொன்றை வாங்கினான், அதையும் கொடுத்து முதல் சைக்கிளைத் திரும்ப வாங்கினான். சுந்தரராமனுக்கு மாற்றுவதற்கு ஒன்றும் இல்லாததால் போய்க்கொண்டே இருந்தான்.

"டேய், ஸ்லோ பண்ணுடா! நீ லீட் பண்றே!" என்று கயிற்றுக்கு வெளியே கூடவே ஓடி வந்த கஸ்தூரிரங்கன் அலறினான்.

"நடக்கத்தானேடா நடக்கறேன்!"

"நடக்காதேடா! ஸ்டாண்ட் பண்ணு!"

முன்னால் போகிறவன் ஒரு முழுச் சுற்று தாண்டிவிட்டால், தாண்டப்பட்டவன் வெளியேறிவிட வேண்டும் என்பது பந்தய விதி. சுந்தரராமன் தாண்டத் தாண்ட, நடுவர் ஒவ்வொருவராக வெளியேற்றிக்கொண்டே வந்தார். கடைசியில் கெவினும் போனான். முடிவுக் கோட்டுக்கு ஒரு அடி முன்னால் வந்து திரும்பிப் பார்த்தபோது, மைதானத்தில் சுந்தரராமனையும் சேற்றையும் தவிர யாரும் இல்லை.

அவன் நின்றான்.

"தாண்டு!" என்று புரொஃபசர் கத்தினார். "நீ தாண்டாவிட்டால் அணிக்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது!"

தாண்டினால் விசா போகும். தாண்டாவிட்டால் உதவித்தொகை போகும். இதற்கு நடுவே அவனுக்குத் தாண்ட வேண்டும் என்று ஆசையாகவும் இருந்தது. எல்.கே.ஜி.யிலிருந்து எம்.எஸ். வரை அவன் எதிலும் முதலாவதாக வந்ததில்லை. சேறு தெறித்த முகத்தில் அந்த ஆசை யாருக்கும் தெரியவில்லை.

"நான் இரண்டாவதாக வர முடியுமா?" என்று மிஸ் டோரத்தியைக் கேட்டான்.

மிஸ் டோரத்தி குடையுடன் வந்து நடுவரை விசாரித்தார். "இது மனிதர்களின் பந்தயமா, சைக்கிள்களின் பந்தயமா?"

"சைக்கிள் பந்தயம்" என்றார் நடுவர்.

"அப்படியானால் ஜெயித்தது சைக்கிள். சைக்கிளுக்கு விசாப் பிரச்சினை இல்லை."

எல்லோரும் கைதட்டினார்கள். மிஸ் டோரத்தி கடமை தவறாதவர். குனிந்து சைக்கிளில் சேற்றைத் துடைத்துப் பார்த்தார். தைவான் என்று போட்டிருந்தது. கைதட்டல் நின்றது.

"வெளிநாட்டு சைக்கிள் இங்கே வேலை செய்ய முடியாது. வேறு சைக்கிள்?"

கெவினின் சைக்கிள் இத்தாலி. அதன் கியர் ஜப்பான். பரிசுக் கோப்பையைக் கவிழ்த்தால் சீனா. நடுவரைக் கேட்டார்கள், கனடா. புரொஃபசர் ஹாஃப்மன் கேட்காமலே "ஹாம்பர்க்" என்று முணுமுணுத்தார். "உங்கள் பூர்வீகம் எது, மேடம்?" என்று கெவின் கேட்டதற்கு, அது இந்த விசாரணையின் வரம்புக்குள் வராது என்று மிஸ் டோரத்தி சொல்லிவிட்டார்.

கடைசியில் பார்க் ஊழியர் ஒருவரைக் கூப்பிட்டு, தன் ஷூவைக் காட்டினார்.

"இந்தச் சேறு எந்த ஊர்?"

"இதே ஊர்தான், மேடம். வெளியே எங்கேயும் போனதில்லை."

"எத்தனை நாளாக இருக்கிறது?"

"நான் வேலைக்குச் சேருவதற்கு முந்தியே இருந்தது."

மிஸ் டோரத்தியின் முகம் மலர்ந்தது. நடுவரும் யோசித்துப் பார்த்தார். அறுபது பேரையும் உண்மையில் தோற்கடித்தது யார்? சேறுதான். முறைப்படி அறிவிக்கப்பட்டது: முதலிடம், சேறு. புகைப்படக்காரர் வந்தார். கோப்பை சேற்றில் ஊன்றப்பட்டது, மெல்ல உள்ளே இறங்கியது. டயர்களும் கூடவே போயின. கெவின்கூட, தகுதியானவருக்குத்தான் கிடைத்திருக்கிறது என்றான்.

சுந்தரராமன் கோட்டைத் தாண்டினான். இரண்டாமிடம். விசா பிழைத்தது, உதவித்தொகை பிழைத்தது, புரொஃபசர் அவன் முதுகில் தட்டிக் கையைச் சேறாக்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவன் காலிங் கார்டு போட்டு மாம்பலத்துக்குப் பேசினான். அப்பா பிச்சுமணிதான் எடுத்தார்.

"என்னடா, ஏதோ சைக்கிள் ரேஸாமே? என்ன ஆச்சு?"

"செகண்ட் வந்தேன்ப்பா. அறுபது பேர்ல."

"ஃபர்ஸ்ட் யாரு?"

"சேறுப்பா."

"சேறா?"

"ஆமாம்ப்பா. அந்தப் பார்க்ல இருக்கற சேறு."

அப்பா பெருமூச்சு விட்டது சமுத்திரம் தாண்டிக் கேட்டது.

"சேறு ஃபர்ஸ்ட் வர்றது. கையும் காலும் இருக்கற உன்னால முடியல. அது எப்படி ப்ரிபேர் பண்றதுன்னு போய்ப் பார்த்தாவது கத்துக்கோடா!"