துக்க மணிக்கு ஓர் ஆமைப்பூட்டு

ரத்தோட்டை ரோட்,
மாத்தளை.
2006 ஒக்டோபர், வியாழக்கிழமை.

என் அன்பு மருமகன் கிறிஸ்தோபருக்கு,

ஆண்டவர் துணையால் தோஹாவில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, பூசையைத் தவறவிடாமல் சுகமாக இருப்பாய் என்று நம்பி உன் தாய்மாமன் நோபர்ட் எழுதிக்கொள்வது. இங்கே உன் அம்மாவும் என் அக்காவுமான மார்ஜரி சுகம். என் மகள் டொறீன் சுகம். நானும் பிரஷர் மாத்திரையோடு சுகம். கோயில் மணிக்குத்தான் சுகமில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம், ஆகவே ஒரு இடத்தில் உட்கார்ந்து வாசி.

போன வருஷம் நம் கோயில் மணி வெடித்துப் போனதும், "மாமா, மணிய கம்ப்யூட்டருக்குள்ள வச்சிரலாம்" என்று லீவில் வந்த நீதான் சொன்னாய். பேசிக் என்றொரு பாஷையில் புரோகிராம் எழுதி, கோபுரத்தில் ஸ்பீக்கரைக் கட்டி, திரையில் மூன்று பட்டன் வைத்துக் கொடுத்தாய். முதலாவது பூசை மணி, இரண்டாவது கல்யாண மணி, மூன்றாவது துக்க மணி. பேசிக் என்றால் அடிப்படை என்று அகராதி சொல்கிறது. அந்த அடிப்படையே ஆட்டங்கண்டுவிட்டது, தம்பி. பங்குச் சபை செக்ரட்டரி என்று, பூசை வைக்கிற சுவாமி என்னைத்தான் கேட்கிறார், "ஒங்க மருமகன் செஞ்சதுதானே" என்று ஊரும் என்னைத்தான் கேட்கிறது. மற்ற நாளெல்லாம் ஒழுங்காக அடிக்கிற மணி, நம் டொறீனைப் பெண் பார்க்க ஆள் வந்தால் மட்டும் துக்க மணி அடிக்கிறது. இதற்கு என்ன சொல்கிறாய்?

முதலில் கலேவெலயிலிருந்து வந்தார்கள். வெங்காய லொறி ஓட்டுகிற குடும்பம், நல்ல மனுஷர்கள். பையனின் தாய் நம் வாசற்படியில் வலது காலைத் தூக்கி வைக்கவும், டாங்... என்று ஒன்று. கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் டாங்... கோயிலுக்கும் நம் வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதானே. அந்த அம்மா தூக்கின காலோடு அப்படியே நிற்கிறார். நாற்காலி போதவில்லை என்று கோயில் ஒபிசுக்கு எடுக்கப் போன டொறீன் பாவம், அந்தச் சத்தத்தைப் பக்கத்திலேயே நின்று கேட்டிருக்கிறாள். நான் சமாளித்துக்கொண்டு, "வயர்ல ஏதோ கோளாறுங்க, நீங்க உள்ள வாங்க" என்று சொல்லும்போதே தோட்டத்து லயத்திலிருந்து, சாவு வீடுகளில் ஒப்பாரி பாடுகிற பாப்பம்மா தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். துக்க மணி கேட்டுவிட்டால் அவளை யார் பிடித்து நிறுத்துவது? வீடு நிறைய ஆட்கள் சலவைச் சட்டையோடு வாயடைத்து உட்கார்ந்திருப்பதைக் கண்டு முடிவுகட்டிவிட்டாள். நேராகப் போய் மாப்பிள்ளைப் பையனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "என் ராசாவே, ஒன்னய இப்புடித் தனியா விட்டுட்டுப் போயிட்டாங்களே" என்று ஆரம்பித்தாள். இரண்டு வரி பாடி, மூக்கைச் சிந்திவிட்டு, பிறகுதான் என்னிடம் திரும்பி, "யாருங்கய்யா செத்தது?" என்று கேட்டாள். ஊற்றிய டீ ஆறுமுன்னே அவர்கள் வேனில் ஏறிவிட்டார்கள்.

உனக்கு அன்றைக்கே போன் போட்டேன். "புரோகிராம்ல பூச்சி இருக்கும் மாமா, எந்த எடத்துல இருக்குன்னு தேடுறேன்" என்றாய். நான் பூச்சி உருண்டை வாங்கி கம்ப்யூட்டருக்குக் கீழே வைத்தேன், அதைப் பற்றி இனிப் பேச வேண்டாம். பிறகு நீ ஒரு சீடி அனுப்பினாய். புரோகிராம் ஒவ்வொரு இடத்தையும் கடக்கும்போது திரையில் ஒரு சின்னப் பெட்டி தோன்றி, இங்கிலீஷ் எழுத்தில் "வந்துட்டேன்" என்று சொல்லும், எந்த இடத்தில் சொல்லாமல் விடுகிறதோ அங்கேதான் பூச்சி என்று விளக்கினாய். நல்ல யோசனைதான். ஆனால் கோயில் கூட்டுகிற மைக்கலிடம் நீயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. விடியற்காலைப் பூசைக்கு மணி அடிக்கத் தனியாகப் போனவன், திரையில் "வந்துட்டேன்" என்று கண்டு அதை மூட, "இங்கேயும் வந்துட்டேன்" என்று அடுத்தது வர, விளக்குமாற்றை அங்கேயே போட்டுவிட்டு ஓடினவன்தான். ஒரு கிழமை காய்ச்சல், மந்திரித்த பிறகுதான் இறங்கியது.

இரண்டாவதாக ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருக்கிற பையன் வந்தான். டொறீன் நாற்காலி எடுக்கப் போனாள், மணி அடிக்கத் தொடங்கியது. இந்த முறை பாப்பம்மாவுக்கு முன்னால் பாலத்தடி செக் பொயின்ட்டிலிருந்து ஆமிக்காரர்கள் வேலி பாய்ந்து வந்தார்கள். யுத்தம் நடக்கிற இந்த நாளில் நேரங்கெட்ட நேரத்தில் மணி அடித்தால் யார் சும்மா இருப்பான்? "கவுத மெறுணே?", செத்தது யார் என்று அவர்களில் பெரியவர் கேட்டார். யாரும் சாகவில்லை என்று சிங்களத்தில் நான் மரியாதையாகச் சொன்னேன். யாரும் சாகவில்லை என்றால் இந்த மணி யாருக்கு சிக்னல் என்று கேட்டார். கம்ப்யூட்டரைக் காட்டத்தானே வேண்டும், கூட்டிப் போனேன். திரையில் உன் பெட்டி நிற்கிறது. அவர்களில் ஒருவனுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும், அது நம் கெட்ட நேரம். எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "வந்துட்டேன்? யாரு வந்தது? எங்க ஒளிச்சு வச்சிருக்கு?" என்று பிடித்துக்கொண்டான். என் மருமகன் எழுதினது என்றேன். மருமகன் எங்கே என்றான். தோஹாவில் என்றேன். அப்படியென்றால் வந்தது யார் என்றான். அதற்குப் பதில் உன்னிடம் இருந்தால் எழுது. டீமேக்கர் பையன் அடையாள அட்டையை வேறு சட்டையில் விட்டுவிட்டு வந்திருந்தான், பொழுது சாயும்வரை பொலிசில் உட்கார வைத்துவிட்டார்கள். சுவாமி போய்ப் பேசித்தான் விட்டார்கள். அந்தப் பையன் நம் வீட்டுப் பக்கம் தலை வைத்தும் படுக்க மாட்டான்.

பிறகு உன் கடிதமும் இரண்டாவது சீடியும் வந்தன. "மாமா, பெட்டியெல்லாம் வேணாம், எடுத்துட்டேன். இனி லொக் போட்டு வைங்க, பூச்சி தானா மாட்டிக்கும்" என்று எழுதியிருந்தாய். கடிதத்தை டொறீனிடம் கொடுத்து, இதென்ன லொக் என்று கேட்டேன். அவள் இரண்டு தரம் வாசித்தாள், முகம் வெளிறிப் போனது, பாவம் வெயில். "லொக்குன்னா பூட்டுதாம்ப்பா. நல்ல பூட்டா வாங்குங்க" என்றாள். டவுனுக்குப் போய் மர்சூக் நானாவின் கடையில் பெரிய ஆமைப்பூட்டு ஒன்று வாங்கினேன். "கம்ப்யூட்டருக்கா? அதுக்குள்ளயே பூட்டு இருக்கும்னு மகன் சொல்றானே" என்று அவர் இழுத்தார். கம்ப்யூட்டர் எழுதினவனே கேட்டது, நீங்கள் எடுங்கள் என்றேன். இப்போது கம்ப்யூட்டர் இருக்கிற அலுமாரிக்கு அந்தப் பூட்டுத்தான். உன் சீடியையும் உறை பிரிக்காமல் உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறேன். ஒரு சாவி என் கழுத்தில் மாதா உத்தரியத்தோடு தொங்குகிறது. மற்றது, பூசைக்கு யாராவது திறக்க வேண்டுமே, மைக்கல் அதன் கிட்டவே வரமாட்டேன் என்கிறான், ஆகவே நம்பிக்கையான கையில் இருக்கட்டும் என்று டொறீனிடம் கொடுத்துவிட்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஆள் வருகிறான். குவைத்தில் ஏசி மெக்கானிக். இந்தத் தடவையும் மணி அடித்தால் இனி ஒருத்தனும் வரமாட்டான் கிறிஸ்தோபர். இப்பவே நம் வீட்டுக்கு மணி வீடு என்று பேர் வைத்துவிட்டார்கள். உன் அத்தை திரேசம்மா கண்மூடுகிற நேரத்தில் என் கையைப் பிடித்து, பிள்ளையை நல்ல இடத்தில் கொடுங்கள் என்று மட்டும்தான் சொன்னாள். நான் இல்லாமல் போனால் அவளுக்கு யார் என்று நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. ஆகவே ஞாயிறைப் பூட்டு பார்த்துக்கொள்ளட்டும், இந்தக் கடிதம் கிடைத்ததும் என்ன பூச்சியாக இருந்தாலும் பிடித்துக் கொடு. அதோடு, உன் அம்மா உனக்கு அனுப்புகிற பெண் போட்டோவையெல்லாம் நீ பிரித்தும் பார்க்காமல் திருப்பி அனுப்புகிறாயாமே, அவள் என்னிடம் அழுகிறாள். உனக்கு என்னதான் வேணும்? வாயைத் திறந்து சொன்னால்தானே தெரியும்.

அன்னை மரியாள் உன்னையும், உன் கம்ப்யூட்டரையும், அது பேசுகிற பாஷையையும் காத்தருள்வாராக. டொறீன் கல்யாணத்துக்கு ஒரு நல்ல செண்ட் போத்தல் எடுத்து வை.

இப்படிக்கு,
உன் ஆசையுள்ள மாமன்,
செ. நோபர்ட்

பி.கு.: இன்றைக்கு ஞாயிறு. கடிதம் இன்னும் தபாலில் சேரவில்லை, அதுவும் நல்லதுக்குத்தான். காலைப் பூசை முடிந்து, குவைத்காரர்கள் வருமுன் பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்ப்போம் என்று ஒபிசுக்குப் போனேன். அலுமாரி திறந்து கிடக்கிறது. டொறீன் மௌஸில் கை வைத்தபடி நிற்கிறாள். நாற்காலி எடுக்க வந்தவள் கையில் நாற்காலி ஒன்றையும் காணோம்.

"நீ எதுக்கு இத தொறந்த?" என்றேன்.

"லொக்குன்னா பூட்டு இல்லப்பா" என்றாள். "எந்த பட்டன எப்ப அமுக்கினாங்கன்னு கம்ப்யூட்டரே எழுதி வச்சிக்கும், அதுக்குப் பேருதான் லொக். அத்தான் அனுப்புன சீடி அதுதான். அத போட்டிருந்தா, நான் நாற்காலி எடுக்க வந்த நேரத்துலதான் மூணாவது பட்டன் அமுங்கிச்சுன்னு காட்டிக்குடுத்திருக்கும்."

"அப்ப பூச்சி?"

"நாந்தாம்ப்பா."

நீ டிசம்பரில் வந்து என்னிடம் பெண் கேட்கப் போகிறாயாம், அதுவரைக்கும் வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப அவளுக்கு வேறு வழி தெரியவில்லையாம். "அத்தானுக்கு மணி விசயம் தெரியாதுப்பா, நெஜமாவே கோளாறுன்னு நம்பி தூங்காம தேடிக்கிட்டு இருக்காங்க" என்று சொல்லி அழுதாள். எனக்குக் கோபம் வரவேண்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன், வரவில்லை. சந்தோஷந்தான் வந்தது. வெளியே வேன் ஹோர்ன் கேட்டது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "மூணாவது பட்டன் எது புள்ள?" என்று கேட்டு நானே அமுக்கினேன். பாப்பம்மா ஏற்கெனவே வேலிக்கு அந்தப் பக்கம் தயாராக நின்றாள்.

சொந்தத்தில் கட்ட ஆயரிடம் அனுமதி கேட்க வேண்டுமாம், சுவாமி இன்றைக்கே எழுதுகிறேன் என்கிறார், அவருக்கு மணி நின்றால் போதும். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். முதல் வரியில் "மருமகன்" என்று போட்டதை மட்டும் அடிக்கவில்லை, அது அப்படியே சரியாகத்தான் இருக்கிறது. டிசம்பரில் வந்ததும் இரண்டாவது பட்டனைப் பார், அதை இதுவரை ஒருத்தரும் அமுக்கிப் பார்க்கவில்லை.